சேகரனின் தம்பியைத் தூக்கிய நாள்

புதிதாகப் பயிற்சியாளர் சட்டை போட்டிருக்கும் உங்கள் ஆறு பேரையும் போன வாரம் பிரிக்பீல்ட்ஸ் மல்யுத்தக் கூடத்தில் பார்த்தேன். விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்து, எதிராளிகளின் ஆட்டங்களைக் கைப்பேசியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எவன் எந்தப் பக்கம் சாய்கிறான், எவனுக்கு எப்போது இரைக்கிறது என்று குறிப்பெடுத்தீர்கள். நல்ல பழக்கம்தான். உங்களில் ஒருவர் என்னிடம் வந்து, "அங்கிள், உங்க காலத்துல போன்ல வீடியோ எல்லாம் இல்லையே, எப்படி எதிராளியப் படிச்சீங்க?" என்று கேட்டார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிச் சிரித்து மழுப்பிவிட்டேன்.

ரயிலுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. உண்மை என்னவென்றால், அந்தக் கேள்விக்கு நான் சொல்லவேண்டிய பதிலில் எனக்குப் பெருமையில்லாத ஒரு பகுதி இருக்கிறது. இப்போது பயிற்சி கொடுப்பதையும் விட்டு வீட்டில் இருக்கிறேன். எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் கிள்ளானில் ஒரு லோரி டயர் கடையில் வேலை செய்தேன். நாள் முழுக்க டயர் கழற்றி மாட்டிய உடம்பு. மாலையில் ரயிலேறிப் பிரிக்பீல்ட்ஸ் வந்து கிரேக்க-ரோமன் மல்யுத்தம் பழகினேன். நம் விளையாட்டின் விதி உங்களுக்குத் தெரியும். இடுப்புக்கு மேலேதான் பிடிக்கலாம். காலைத் தொடக்கூடாது, காலால் தட்டிவிடவும் கூடாது. எதிராளியை அணைத்துத் தூக்கிப் போடுவதுதான் ஆட்டமே. எனக்கு அந்த விதி பிடித்துப்போயிற்று. டயரை எப்படித் தூக்குகிறேனோ அப்படியே ஆளையும் தூக்கிவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு வருடம் அப்படித்தான் நடந்தது. என் எடைப் பிரிவில் என்னை நிறுத்த ஆளில்லை, சேகரன் வரும்வரை.

சேகரன் காப்பார்க்காரர். செம்பனைப் பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர், பார்க்க ஒல்லி. கூடத்துக்கு வாரத்தில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் வருவார். வந்தால் ஒரு மணி நேரம். அதற்குள் கடிகாரத்தை நாலு முறை பார்த்துவிடுவார். பயிற்சி முடிந்து நாங்கள் எல்லோரும் தே தாரிக், அதாவது நுரை பொங்க ஆற்றிய தேநீர், குடிக்க எதிர்க் கடைக்குப் போகும்போது அவருடைய மோட்டார் சைக்கிள் தெருமுக்கைத் தாண்டியிருக்கும். "தலைக்கனம் பிடிச்ச ஆளுலா," என்பார்கள் பையன்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

அந்த மனிதர் அடுத்தடுத்து மூன்று முறை என்னைத் தோற்கடித்தார். மூன்று முறையும் ஒரே மாதிரி. ஆட்டம் மந்தமானால் தண்டனையாக நடுவர் என்னைக் குப்புறப் படுக்கச் சொல்வார். சேகரன் மேலே வந்து இடுப்பைச் சுற்றிக் கைகளைக் கோப்பார். நான் விரிப்போடு ஒட்டிக்கொண்டு, உடம்பை இரும்பாக்கிக்கொண்டு கிடப்பேன். ஒன்றும் நடக்காது. சில நொடிகள் அவர் சும்மா இருப்பார், ஏதோ பேருந்துக்குக் காத்திருப்பவர் மாதிரி. அப்புறம் எப்போது என்று தெரியாமல் நான் ஆகாயத்தில் இருப்பேன்.

முதல் முறை விரிப்பு வழுக்குகிறது என்றேன். இரண்டாம் முறை, எடை குறைக்கப் பட்டினி கிடந்ததால் சோர்வு என்றேன். மூன்றாம் முறை தோற்றபோது சொல்லக் காரணம் எதுவும் மிச்சமில்லை. அன்றுதான் எனக்கு முதல்முறையாகக் கோபம் போய் ஆச்சரியம் வந்தது. இந்த ஆளுக்கு என்னைவிடப் பலம் குறைவு. பயிற்சி குறைவு. பிறகு எப்படித் தூக்குகிறார்? எந்த நொடியில் தூக்குவது என்று அவருக்கு யார் சொல்கிறார்கள்?

அந்தக் கேள்வி என்னை வேலையில்கூட விடவில்லை. எங்கள் பயிற்சியாளரிடம் கேட்டேன். "இன்னும் பத்து கிலோ கூட வெச்சு ஸ்குவாட் போடு," என்றார். போட்டேன். முதுகு வலிதான் வந்தது.

ஒருநாள் மதியம் கடைக்குத் தொலைபேசி வந்தது. காப்பாரில், தோட்டத்துச் சாலையில், பழக்குலை லோரி ஒன்றுக்கு டயர் வெடித்துவிட்டது என்றார்கள். போகவேண்டிய முறை வேறொருவனுடையது. ஓட்டுநரின் பெயரைக் கேட்டதும் வேன் சாவியை நான் எடுத்துக்கொண்டேன்.

சேகரன் சாலையோரத்தில் நின்றிருந்தார். என்னைப் பார்த்து ஆச்சரியப்படக்கூட அவருக்கு அவகாசமில்லை.

"எவ்வளவு நேரம் ஆகும் குமார்?"

"ரெண்டு டயரும் போயிடுச்சுண்ணே. ஒரு மணி நேரம் ஆகும்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அப்போ மொதல்ல என்னை வீட்டுல கொண்டுபோய் விடு. பக்கத்துலதான். அப்புறம் வந்து மாட்டிக்கலாம். அங்க ஒரு ஆளு காத்துக்கிட்டு இருக்கான்."

காத்துக்கொண்டிருந்தது அவருடைய தம்பி. பெயரை நான் எழுதப்போவதில்லை. அவரே ஒருமுறை, "என்னைப் பத்தி யாருகிட்ட வேணும்னாலும் சொல்லுங்க, பேரு மட்டும் வேணாம்," என்று சொல்லியிருக்கிறார். என் வயதுதான். சில வருடங்களுக்கு முன் காப்பார் சாலையில் மோட்டார் சைக்கிள் விபத்து. கழுத்தெலும்பில் அடி. கால்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன. கைகள் கொஞ்சம் அசையும், விரல்கள் மடங்காது. சேகரனின் மனைவி தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அவரால் தூக்கவும் முடியாது, ஏனென்றால் தம்பி நல்ல கனம். ஆகவே காலையில், மதியத்தில், மாலையில், இரவில் என்று கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் தூக்கியது சேகரன்தான். வருடக்கணக்காக.

நான் வாசலில் நின்று பார்த்தேன். சேகரன் குனிந்து, தம்பியின் அக்குள்களுக்குக் கீழே கைகளை விட்டு, முதுகுக்குப் பின்னால் கோத்தார். எனக்கு நன்றாகத் தெரிந்த பிடி. உடனே தம்பியின் கால்கள் தாமாகவே துடித்து விறைத்தன, உடம்பு பலகையாகிவிட்டது. சேகரன் இழுக்கவில்லை. காத்திருந்தார். தம்பி ஒரு பெருமூச்சு விட்டார். அந்த மூச்சு வெளியே போன நேரத்தில் உடம்பு இளகியது, நான் கவனிப்பதற்குள் அவர் நாற்காலியில் இருந்தார்.

டயரைத் தூக்குவதுபோல ஆளைத் தூக்கலாம் என்று நினைத்திருந்தேன் என்றேன் அல்லவா? டயருக்கு மூச்சு கிடையாது. அவ்வளவுதான் வித்தியாசம். அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று தோல்வி தேவைப்பட்டது.

சேகரன் படுக்கை விரிப்பைச் சுருட்டிக்கொண்டு துவைக்கப் பின்பக்கம் போனார். தம்பி என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"நீங்கதான் அந்தக் கிள்ளான் ஆளா பாஸ்? மூணு தடவ தூக்கிட்டானாமே?"

"ஆமா."

"நானும் உங்க ஸ்டைல்தான்." கண்ணைச் சிமிட்டினார். "இடுப்புக்குக் கீழ ஆட்டமே கிடையாது."

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நான் விழித்தேன். அதைப் பார்த்து அவர்தான் சிரித்தார். பிறகு பின்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு விஷயம் சொல்றேன். போரடிச்சா நான் அவனை ஏமாத்துவேன். மூச்ச விடுற மாதிரி சத்தம் மட்டும் குடுப்பேன், உள்ள விடமாட்டேன். அவன் நம்பித் தூக்குவான், நான் கல்லு மாதிரி இருப்பேன். அப்படியே தடுமாறிடுவான். ஒவ்வொரு தடவையும் ஏமாறுவான் பாஸ். அவனால அத மாத்திக்கவே முடியாது."

திரும்பிப் போய் டயர்களை மாட்டிக் கொடுத்தேன். கிள்ளானுக்கு வண்டி ஓட்டிய நேரம் முழுக்க வாயால் பொய் மூச்சு விட்டுப் பழகிக்கொண்டே போனேன்.

அடுத்த மாதம் தேசியப் போட்டி. அந்த முறை வென்றவருக்கு வெளிநாட்டில் மூன்று மாத முகாம், பிறகு நாட்டின் அணியில் இடம். வெளிநாடு போகச் சேகரனுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். இறுதி ஆட்டத்தில் அவரும் நானும். ஒரு புள்ளி அவருக்கு. இரண்டாம் பாதியில் நடுவர் என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னார்.

அவருடைய கைகள் என்னைச் சுற்றி வந்தன. காத்திருந்தார். என் காதுக்குப் பக்கத்தில் அவருடைய மூச்சு கேட்டது. அந்த நேரத்தில் நியாயம் அநியாயம் பற்றி யோசித்தேன் என்று உங்களிடம் சொன்னால் அது பொய். நான் யோசிக்கவேயில்லை. வாயால் நீளமாக ஒரு மூச்சு விட்டேன், சத்தமாக. உள்ளே இருந்த காற்றை விடவில்லை.

அவர் நம்பினார். தூக்கினார். நான் கல்லாக இருந்தேன். அவருடைய முட்டி தடுமாறியது. நான் அவர் மேல் உருண்டேன், அவர் முதுகு விரிப்பைத் தொட்டது. புள்ளிகள் எனக்கு. சிறிது நேரத்தில் ஆட்டம் முடிந்தது. நான் தேசிய சாம்பியன்.

நடுவர் என் கையை உயர்த்தியபோது சேகரன் என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தபடி, ஏதோ கணக்குச் சரிபார்ப்பவர் போல நின்றிருந்தார். உடை மாற்றும் அறைக்குப் போகும் வழியில் என்னை நிறுத்தினார்.

"அந்த மூச்சு," என்றார். "அப்படி என்னை ஏமாத்துற ஆளு உலகத்துல ஒருத்தன்தான்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்குத் தெரியும்னு மட்டும் அவன்கிட்ட காட்டிக்காத. சரியா?"

"சரிண்ணே."

அவர் போய்விட்டார். வழக்கம்போல முதல் ஆளாக.

நீங்கள் கவனிக்கவேண்டிய இடம் இது. விதிப்புத்தகத்தில் நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. பொய் மூச்சு விடக்கூடாது என்று எங்கும் எழுதவில்லை. எதிராளியைப் படிப்பது நம் தொழில். ஆனால் ஒரு வீட்டுக்குள் நம்பி அழைத்துப்போய்க் காட்டியதை நான் விரிப்புக்குக் கொண்டுவந்துவிட்டேன். உங்களில் யாராவது எதிரணிப் பையனின் முட்டிவலியைப் பற்றி மருத்துவர் அறையில் தற்செயலாகக் கேட்டுவிட்டு, அந்த முட்டியின் பக்கமே உங்கள் ஆளைச் சாயச்சொல்வீர்களா? சொல்வீர்கள் என்றால் நான் குறை சொல்லப்போவதில்லை. நானும் சொல்லியிருப்பேன், அந்த வயதில். அன்று இரவு தூக்கம் எப்படி இருந்தது என்று மட்டும் பிறகு வந்து எனக்குச் சொல்லுங்கள்.

எனக்குத் தூக்கத்தைவிடப் பெரிய தொல்லை இன்னொரு கேள்வி. தம்பி ஏன் என்னிடம் சொன்னார்? அவர் முட்டாள் இல்லை. நான் யார் என்று தெரிந்துதான் சொன்னார். விளையாட்டுக்கா? அண்ணன்மேல் ஏதாவது வன்மமா? ஒரு வாரம் பொறுத்தேன். சனிக்கிழமை பாசார் சந்தையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு காப்பாருக்குப் போனேன். சேகரன் லோரியோடு போயிருந்தார். கதவைத் திறந்த அவர் மனைவி அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்தவர். என்னை உள்ளே உட்காரச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

தம்பி கட்டிலில் இருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வாழ்த்துகள் பாஸ்."

"ஏன் சொன்னீங்க?" என்று நேராகவே கேட்டேன்.

அவர் கூரையில் சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார்.

"அவன் ஜெயிச்சா மூணு மாசம் போயிடுவான்," என்றார். "ஆளு வெச்சுட்டுத்தான் போவான், எனக்குத் தெரியும். ஆனா வேற ஆளு கை வெச்சாலே எனக்கு உயிர் போகுது பாஸ். ஒரு தடவ சொந்தக்காரன் ஒருத்தன் தூக்குறேன்னு வந்து, கால் இழுத்துக்கிச்சு, பயந்து கைய விட்டுட்டான். தரையில கிடந்தேன். கைய ஊனிக்கக்கூட முடியாது எனக்கு. மூஞ்சிலதான் விழுந்தேன்." மேலுதட்டில் இருந்த தழும்பை நாக்கால் தொட்டுக் காட்டினார். "போகாதேன்னு அவன்கிட்ட சொல்லவும் வாய் வரல. அவனுக்குன்னு இருக்கிறதே அது ஒண்ணுதான். அதான் உங்ககிட்ட சொன்னேன். கேவலமா இருக்குல்ல?"

நான் வாழைப்பழச் சீப்பைக் கட்டில் ஓரத்தில் வைத்தேன்.

"அவன்கிட்ட சொல்லிடவா பாஸ்? இல்ல, சாகுற வரைக்கும் வாய மூடிக்கிட்டு இருக்கவா? நீங்க சொல்லுங்க."

வெளியே மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சேகரன்.

ஒரு பக்கம் அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு. இன்னொரு பக்கம் தம்பியின் கேள்வி. வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம். எனக்கு இருந்தது அவ்வளவு நேரம்தான். அந்த நேரத்தில் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு பேருடைய ரகசியத்தையும் அவிழ்ப்பது என் வேலை இல்லை. இந்த வீட்டில் எல்லாம் தொடங்கியது ஒரு பயத்தில். கை வைக்கவேண்டிய இடம் அதுதான்.

சேகரன் உள்ளே வந்து என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். நான் எழுந்தேன்.

"அண்ணே, இன்னைக்கு நான் தூக்குறேன். எனக்குக் கத்துக்குடுங்க."

தம்பியின் முகத்தில் ரத்தமே இல்லை. "வேணாம் பாஸ், வேணாம்லா..."

சேகரன் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். "மார்போட மார்பு ஒட்டணும். கழுத்து உன் தோள்மேல. அவசரப்படாத," என்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

நான் குனிந்து அணைத்தேன். தம்பியின் இதயம் என் மார்பில் அடித்தது. கால்கள் துடித்து விறைத்தன. காத்திருந்தேன். அவர் மூச்சு விடவேயில்லை. பயத்தில் அடக்கிக்கொண்டிருந்தார். எத்தனையோ இறுதி ஆட்டங்களைப் பிறகு பார்த்துவிட்டேன். அவ்வளவு நீளமான நொடிகள் எதிலும் இல்லை. ஒருவழியாக மூச்சு வெளியே வந்தது. தூக்கினேன்.

பாதி வழியில், கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே, அவருடைய உடம்பு மறுபடியும் விறைத்து ஒரு பக்கமாக உதறியது. என் வலது கை வழுக்கியது. சேகரன் ஒரு அடி முன்னால் வந்து, அங்கேயே நின்றுவிட்டார். நான் முட்டியை மடக்கி, முதுகைப் பின்னுக்குச் சாய்த்து, அவரை என் மார்பின் மேல் வாங்கிக்கொண்டு நின்றேன். விடவில்லை. இரும்பு மாதிரி இருந்தவர் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு கத்தினார்.

"அண்ணே! நான்தான் சொன்னேன்! நான்தான் இவர்கிட்ட சொன்னேன்!"

வீடு முழுக்கக் கேட்டது. குளியலறையில் தண்ணீர் சத்தம் நின்றது.

"தெரியும்டா," என்றார் சேகரன். "குமார், மெதுவா இறக்கு."

இறக்கினேன். தம்பி நாற்காலியில் குலுங்கிக் குலுங்கி அழுதார். சேகரன் ஒரு துண்டை எடுத்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டார், அழுகையையும் மூக்கையும் சேர்த்து, தினமும் துடைப்பதுபோல. "போகாதேன்னு சொல்லியிருந்தா போயிருக்க மாட்டேனே," என்றார்.

"அதான் சொல்லல," என்றார் தம்பி.

அதற்கு மேல் அவர்கள் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

மீதிக் கதை சீக்கிரம் முடிந்துவிடும். முகாமுக்கு என்னோடு பயிற்சி செய்ய ஓர் ஆளை அழைத்துப்போக அனுமதி இருந்தது. சேகரனைக் கேட்டேன். அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி கண்ணை மூடிக்கொண்டு, "என்னைத் தூக்கப்போற ஆளுங்க எல்லாரும் முதல்ல வந்து பழகட்டும். நான் பாஸ் மார்க் போட்டாத்தான் நீ போகலாம்," என்றார். எங்கள் கூடத்திலிருந்து நாலு பேர் காப்பாருக்குப் போய் வந்தார்கள். ஒருவர் செந்தூலிலிருந்து, ஒருவர் இன்னும் தூரத்தில் இருக்கும் ரவாங்கிலிருந்துகூட மோட்டார் சைக்கிளில். தம்பி அவர்களுக்கு மதிப்பெண் போட்டார். தலைக்கனம் என்று சேகரனைச் சொன்ன அதே பையன்கள்தான். ஒருவன் முதல் நாள் திரும்பி வந்து, "அண்ணே, நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது," என்று என்னிடம் சொன்னான். சேகரனிடம் போய்ச் சொல் என்றேன். சொன்னானா என்று தெரியாது.

மூன்று மாதம் அவரும் நானும் முகாமில் ஒரே அறையில் இருந்தோம். தினமும் என்னை ஆகாயத்துக்கு அனுப்பினார். பொய் மூச்சுக்கு இப்போது அவர் ஏமாறவில்லை. எப்படி மாற்றிக்கொண்டார் என்று கேட்டேன். "இப்பல்லாம் காதால கேக்குறதில்ல, மார்பாலதான் கேக்குறேன்," என்றார். அதன் முழு அர்த்தம் எனக்குப் பிடிபடப் பல வருடம் ஆயிற்று. உங்களுக்கும் விளக்கமாட்டேன், ஆளை அணைத்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். வெளிநாட்டுப் போட்டியில் நான் இரண்டாம் சுற்றிலேயே தோற்று வீட்டுக்கு வந்தேன். பிறகு நான் வாங்கிய பதக்கங்கள் எல்லாம் அந்த மூன்று மாதத்தில் கற்றதில் வந்தவை.

அடுத்த வருடத் தேசிய இறுதியில் மறுபடியும் நாங்கள் இருவர். தம்பி முதல்முறையாக அண்ணனின் ஆட்டத்தைப் பார்க்க வந்தார். மண்டபத்தின் படிகளில் எங்கள் பையன்கள் நாலு பேர் அவரை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். யாருக்காகக் கத்தினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டு பேருடைய பெயரும் கேட்டது.

சேகரன் வென்றார். சுத்தமாக, உயரமாகத் தூக்கி, முதுகு அதிர வீசினார். நான் முதுகில் பனிக்கட்டிப் பையைக் கட்டிக்கொண்டு தம்பியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் கழுத்தில் அண்ணனின் தங்கப் பதக்கம் தொங்கியது.

"வலிக்குதா பாஸ்?"

"மேல போறப்போ ஒண்ணுமில்ல. வந்து விழுந்ததுதான்."

அவர் தூரத்தில் யாருக்கோ கை கொடுத்துக்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்தார்.

"என்னை அவன் ஒரு தடவகூடக் கீழ போட்டதில்ல," என்றார். சாம்பியன் பேசுவது போலவே இருந்தது.